ஒரு கிண்ணம் ராமென்

டோக்கியோ நகரில் ஒரு நாள் மத்தியானம். ஒரு குறுகிய சந்தில் முப்பது பேர் சுவரோரமாக வரிசை பிடித்து நின்றார்கள். யாரோ மந்திரி வருகிறார் போலிருக்கிறது என்று எண்ணினோம். "மந்திரியுமில்லை, சினிமா நட்சத்திரமுமில்லை, ராமென் கடை!" என்றார், அவ்வூரில் பல வருஷங்களாக வசிக்கும் நமது நண்பர். நாமும் வரிசையின் வாலில் போய் நின்றோம்.

கடைக்குள் பத்தே ஆசனங்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நமக்கு முன்னால் ஓர் ஆபீஸ் குமாஸ்தா. பின்னால் கட்டிட வேலை செய்யும் தொழிலாளி. இடையில் புகுந்தவருமில்லை, முணுமுணுத்தவருமில்லை.

வாசலில் ஓர் இயந்திரம். அதில் பணத்தைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். சீட்டைச் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டால் போதும், பேச்சுக்கே வேலையில்லை. பாஷை தெரியாத நமக்கு இது பெரிய சௌகரியந்தான். ஆனால் பொத்தான்களின் மேலும் ஜப்பானிய எழுத்தே இருந்தபடியால், சௌகரியம் பாதி வழியில் நின்றுவிட்டது. நண்பர்தான் 950 யென் பொத்தானை அமுக்கினார். அந்த விலை, பழைய விலையின் மேல் ஒட்டிய புதுக் காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது.

அடுப்புக்கு எதிரே நீண்ட பலகை. அதன் முன்னால் உட்கார்ந்தோம். அண்டாவில் கோழி எலும்பும் காய்கறியும் மணிக்கணக்காய்க் கொதித்துக்கொண்டிருந்தன. வயது முதிர்ந்த கடைக்காரர், கோதுமை இழைகளை வெந்நீரிலிருந்து வடிகூடையில் எடுத்து ஓங்கி உதறி, சாற்றில் இட்டு, நம் முன் வைத்தார். அந்த இழைகளின் மஞ்சள் நிறத்துக்கும் உறுதிக்கும் காரணம், மாவில் சேர்க்கும் கன்சுயி என்னும் நீர். நம் வீடுகளில் அப்பள மாவில் சேர்க்கும் அப்பளக்காரம் இருக்கிறதே, ஏறக்குறைய அதே சரக்குத்தான்!

நாம் சத்தமின்றி நாகரிகமாகச் சாப்பிட முயன்றோம். நண்பர் கடிந்துகொண்டார். "உறிஞ்சுங்கள், ஸார்! இங்கே சத்தம் போடுவது குற்றமில்லை, ஆறவிடுவதுதான் குற்றம்." உறிஞ்சினோம். ருசி அப்போதுதான் முழுமையாகத் தெரிந்தது.

இந்தப் பண்டம் ஜப்பானியரின் பிதிரார்ஜிதம் அல்ல, சீனாவிலிருந்து வந்தது. 1910-ம் வருஷம் டோக்கியோவின் அஸகுஸாவில் திறந்த 'ராய்ராய்கென்' என்னும் கடை, சீனச் சமையற்காரர்களை வைத்து இதைப் பிரபலமாக்கிற்று. 1945-ல் யுத்தம் முடிந்தபோது அரிசிக்குப் பெரும் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு, தெருவோர வண்டிகளில் ராமெனாக மாறிப் பசியாற்றிற்று. ஒஸாகாவில் அத்தகைய வண்டியின் முன் ஜனங்கள் குளிரில் நின்ற காட்சியை மறக்காத மோமோபுகு ஆண்டோ என்பவர்தான், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் ராமெனை 1958-ல் கண்டுபிடித்தார்.

ஏழையின் உணவு இன்று உலகப் பிரசித்தமாகிவிட்டது. 2015-ல் டோக்கியோவிலுள்ள 'ட்சுட்டா' என்னும் சிறு ராமென் கடைக்கு மிஷலின் நட்சத்திரமே கிடைத்தது. நியூயார்க்கில் ஒரு கிண்ணத்துக்கு இருபது டாலர் கொடுப்பதும் சகஜம். ஆனால் பிறந்து வளர்ந்த ஊரில் அதற்கு 'ஆயிரம் யென் சுவர்' என்று ஒன்று இருக்கிறது. விலை அந்தச் சுவரைத் தாண்டினால் வாடிக்கைக்காரர் வரமாட்டார் என்று சிறு கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். மாவும் மாமிசமும் எரிவாயுவும் சமீப வருஷங்களில் விலை ஏறிவிட்டன. சுவருக்கு இப்புறமே நின்று மூச்சுமுட்டி மூடப்பட்ட கடைகள் அநேகம்.

இதையெல்லாம் நண்பர் சொல்லக் கேட்டதும் மனம் பொறுக்கவில்லை. எழுந்திருக்கும்போது நூறு யென் நாணயம் ஒன்றைப் பலகைமேல் வைத்துவிட்டு வந்தோம். பத்தடி போவதற்குள் கிழவர் கரண்டியும் கையுமாக ஓடி வந்து, நாணயத்தை நம் கையில் வைத்து, குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பினார்.

"விலையை ஏற்றவும் பயம், இனாம் வாங்கவும் மனமில்லை. இவருக்கு எப்படித்தான் உபகாரம் செய்வது?" என்று கேட்டோம்.

"அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது," என்றார் நண்பர்.

மறுநாளும் போய் வரிசையில் நின்றோம். இம்முறை யாருடைய உதவியுமின்றி, நண்பர் காட்டிக் கொடுத்திருந்த அந்தப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினோம். உபரியாக ஒரு முட்டை வந்தது. கிழவர் அதற்குரிய காசை மறுக்கவில்லை!