பாட்டி காணும் குழந்தைகள்

"பாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது!" நம் வீடுகளில் எவ்வளவு எளிதாக இந்தத் தீர்ப்பு வழங்கப்படுகிறது! ஆளில்லாத மூலையைக் காட்டி, "அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்று முதியவர் ஒருவர் கேட்டுவிட்டால் போதும். சிறியவர்கள் சிரிக்கிறார்கள், பெரியவர்கள் அதட்டுகிறார்கள், அண்டை வீட்டார் மந்திரிப்பவரைத் தேடச் சொல்கிறார்கள். மருத்துவரின் நினைவு கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து.

மறதி நோய் என்பது ஒரே நோயன்று. 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்த நோயில் மறதியே முன்னிற்கும். இன்னொரு வகை உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை நரம்பணுக்களில் நுண்ணிய உருண்டைகள் இருப்பதை 1912இல் லூயி என்ற மருத்துவர் விவரித்தார். அவை மூளையின் மேற்பரப்பிலும் பரவி மறதி நோயை உண்டாக்குவதை ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாகா 1976 முதல் எடுத்துக்காட்டினார். இந்த லூயி வகை நோயில் தொடக்கத்தில் நினைவாற்றல் ஓரளவு நன்றாகவே இருக்கலாம். ஆனால் கண்முன்னே ஆட்கள் நடமாடுவார்கள்! குழந்தைகள், நாய், பூனை என்று மீண்டும் மீண்டும் வருவார்கள். பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார்கள். மங்கலான நிழல்களல்ல அவை. சட்டையின் நிறத்தைக்கூடச் சொல்லிவிடலாம்.

இது எப்படி நேர்கிறது? கண் அனுப்புவது செய்தி மட்டுமே. அதை உருவமாக்குவது மூளை. செய்தி குறையும்போதோ மூளை தளரும்போதோ, இடைவெளியை மூளையே இட்டு நிரப்பிவிடுகிறது. ஜெனீவா அறிஞர் சார்லஸ் போனே, பார்வை மங்கிய தம் பாட்டனார் மனிதரையும் பறவைகளையும் வண்டிகளையும் கண்டதை 1760இல் எழுதிவைத்தார். அந்தப் பாட்டனாரின் அறிவோ தெளிவாகவே இருந்தது! ஆகவே காட்சி தோன்றிய உடனே மறதி நோய் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது.

தோழியரே, காண்பவருக்கு அது மெய். "அங்கே யாருமில்லை" என்று வாதிட்டு வென்றவர் எவருமில்லை. அதற்காக "ஆமாம், எனக்கும் தெரிகிறது" என்று நடிப்பதையும் நான் ஏற்கவில்லை. தெளிவு வந்து போகும் நோய் இது. தெளிந்த வேளையில் நம் நடிப்பு அவருக்குப் புரிந்துவிட்டால், பிறகு எவரை நம்புவார்? "எனக்குத் தெரியவில்லை பாட்டி. உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" இந்தக் கேள்வி போதும். பயமில்லை என்றால், காட்சிக்கென்று மருந்து தேவைப்படாமலே போகலாம். விளக்கைப் பிரகாசமாக ஏற்றுங்கள். ஆணியில் ஆள்போலத் தொங்கும் சட்டையை எடுங்கள். மிரட்டும் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுங்கள்.

பயந்து கூச்சலிடுபவரை அடக்க, ஏதேனும் ஒரு மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கம்தான் என்னை அஞ்ச வைக்கிறது. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் லூயி வகை நோயாளிகளில் பலருக்குக் கடுங்கேடு விளைவிப்பதை இங்கிலாந்து மருத்துவர்கள் 1992இல் அறிவித்தனர். உடல் விறைத்துப் போகும், குழப்பம் முற்றும், உயிரே போகலாம். ரிவாஸ்டிக்மின் போன்ற மருந்துகள் சிலருக்குக் காட்சிகளைக் குறைக்கின்றன; அதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று இல்லாதவற்றைக் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ, புதிய மருந்தோ காரணமாகலாம். இவற்றுள் பல குணமாகக் கூடியவை.

மருத்துவர் பாட்டியைப் பார்ப்பது சில நிமிடங்கள். மாலை முழுதும் அருகிலிருப்பவள் பேத்தி. பழைய நோட்டின் கடைசிப் பக்கங்கள் போதும். எந்த நேரத்தில் வந்தார்கள், எத்தனை பேர், பாட்டி அஞ்சினாரா சிரித்தாரா, எந்த மாத்திரைக்குப் பிறகு தொடங்கிற்று, நடை தளர்ந்ததா, உறக்கத்தில் கத்திக் கைகால் வீசினாரா என்று குறித்து வைத்து, அடுத்த முறை அவருடன் நீங்களும் செல்லுங்கள்.