டிரீம் ரன்: ஓடினா மட்டும் போதுமா?

மும்பை மாரத்தான் 2004-ல ஆரம்பிச்சது. அதுல வர்ற டிரீம் ரன் ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான். குடும்பம், ஆபீஸ் நண்பர்கள்னு அரட்டை அடிச்சிக்கிட்டே போயிடலாம். மாதுங்கா, செம்பூர் மக்களே, போன வருஷம் நீங்களும் போட்டோ போட்டீங்கல்ல?

நல்லது. ஆனா நுழைவுக் கட்டணம் வேற, நன்கொடை வேற. ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, "இவங்களுக்காக ஓடறேன், உங்களால முடிஞ்சதைக் குடுங்க"ன்னு நாலு பேர்கிட்ட கேட்டாதான் காசு சேரும். யுனைடெட் வே மும்பை மூலமா அது போய்ச் சேரும்.

ஓடறதைவிடக் கேக்கறதுதான் நமக்குக் கஷ்டம். கூச்சம்! கல்யாணத்துக்கு மொய் நோட்டு போடற ஊர்க்காரங்களுக்கு இதுல என்ன கூச்சம்? சித்தப்பா, அத்தை, பக்கத்து ஃபிளாட் மாமி, ஆளுக்கு 500 ரூபா கேளுங்க. அப்புறம் ஓடுங்க. என்ன சொல்றீங்க?