சேத்ரிக்கு எதற்கு மெஸ்ஸியின் தராசு?

இந்தியக் கால்பந்து வீரர் சுனில் சேத்ரி ஒரு கோல் அடித்தால் போதும், ரொனால்டோ, மெஸ்ஸி, சேத்ரி என்று மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். கீழே கோல் கணக்கு. தேசிய அணிக்கான கோல்களில் நம் ஆள் மெஸ்ஸிக்கு நிகர் என்று ஒரே கொண்டாட்டம். 2018இல் அந்தக் கணக்கில் பொய் இல்லை. அதை வைத்து வரும் முடிவுதான் அபத்தம்.

2018 ஜூன் 1. மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றது. சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்தான். மறுநாள் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். திட்டுவதென்றாலும் மைதானத்துக்கு வந்து முகத்துக்கு நேராகத் திட்டுங்கள் என்று கெஞ்சாத குறை. அடுத்தது கென்யாவுடன், அவருடைய 100வது சர்வதேச ஆட்டம். டிக்கெட்டுகள் தீர்ந்துபோயின. மழையில் நனைந்தபடி கூட்டம் கத்த, இரண்டு கோல் அடித்தார். ஜூன் 10 அன்று அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்தில் மேலும் இரண்டு, மொத்தம் 64. அன்றைக்கு மெஸ்ஸியின் கணக்கும் அதேதான். பத்து நாள் முன்பு எட்டிப் பார்க்காத நாடு, தனக்கொரு மெஸ்ஸி கிடைத்துவிட்டதாகத் துள்ளியது.

நேபாளத்துக்கும் மாலத்தீவுக்கும் எதிராக அடித்த கோல்கள் அவை என்று கேலி செய்பவர்களும் உண்டு. மெஸ்ஸி மட்டும் என்ன, 2022இல் எஸ்டோனியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து அடித்தவர்தானே! ஆனால் அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸுக்கு எதிராகவும் இரண்டு அடித்தார். அந்த மேடையில் இந்தியா ஒருமுறைகூட ஆடியதில்லை. சேத்ரிக்குக் கிடைத்த பெரிய மேடை ஆசியக் கோப்பைதான். அங்கே 2011இல் பஹ்ரைன், தென் கொரியாவுக்கு எதிராக ஒவ்வொன்று, 2019இல் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு. பேசவேண்டியவை இந்த நான்கும்தான். இவற்றை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் ஈரானின் அலி தாயியோடு ஒப்பிடலாம். நூற்றுக்கு மேற்பட்ட கோல்கள், இரண்டு உலகக் கோப்பைகள், பயர்ன் மியூனிக்கில் இடம். சேத்ரிக்கோ 2009இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கதவைத் திறந்தும், இங்கிலாந்து வேலை அனுமதி தரவில்லை. தடுத்தது அவருடைய கால் அல்ல, தரவரிசையில் இந்தியா இருந்த இடம். பிறகு கான்சாஸ் சிட்டி, ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் 'பி' அணி என்று முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மெஸ்ஸிக் கணக்கு இதையெல்லாம் வசதியாக மறைத்துவிடுகிறது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? 2024 ஜூனில் சேத்ரி விடைபெற்றார். அந்த ஆண்டு முழுக்க இந்தியா ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் நாற்பது வயதுக்காரரை மறுபடி அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி 95வது கோலைப் போட்டார். அந்த சீசனில் ஐ.எஸ்.எல். தொடரில் இந்திய வீரர்களில் அதிக கோல் அடித்தவரும் அவரேதான். இருபது வருடத்தில் இன்னொரு ஸ்ட்ரைக்கரை ஏன் உருவாக்கவில்லை என்று சம்மேளனத்தை அன்றைக்குக் கேட்டவர்கள் சொற்பம்.