பட்டுப்போன கன்றும் கேட்கப்படாத கேள்வியும்

இந்தியாவில் மரம் நடுவதற்கு விழா உண்டு. நட்ட மரம் பிழைத்ததா என்று பார்ப்பதற்கு விழா இல்லை. 1950-இல் அன்றைய மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வன மகோத்சவம் இன்றும் ஜூலை முதல் வாரத்தில் நடைபெறுகிறது. 2017 ஜூலை 2 அன்று மத்தியப் பிரதேசத்தில் 12 மணி நேரத்தில் 6 கோடிக்கும் மேற்பட்ட கன்றுகள் நடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எண்ணப்படுவது நடுகையே. பல்கலைக்கழக வளாகங்களும் இந்தக் கணக்குமுறைக்கு விலக்கல்ல.

வளாகத்தில் ஒரு கன்று வாடினால் உடனே சொல்லப்படும் மருந்து தண்ணீர். ஆனால், வாடிய இலை பலபொருள் ஒருசொல்லைப் போன்றது. நீர் போதாத கன்றின் இலையும் தொங்கும். நீர் தேங்கி வேருக்குக் காற்றுக் கிடைக்காத கன்றின் இலையும் தொங்கும். வடிவம் ஒன்று, பொருள் எதிரெதிர். சூழலைப் பார்க்காமல் பொருள்கொள்ள இயலாது. தண்டருகே ஒரு குச்சியை நான்கு விரற்கடை ஆழம் செலுத்திப் பார்த்தால் மண் உண்மையைச் சொல்லிவிடும். மேற்பரப்பு நனைந்திருக்க, நாற்றங்காலிலிருந்து வந்த வேர்மண் உள்ளே காய்ந்துகிடப்பதும் உண்டு. இலையில்லாத கன்று இறந்ததென்றும் முடிவுகட்டக் கூடாது. பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டும்போது உள்ளே பச்சை தெரிந்தால் அங்கே உயிர் இருக்கிறது. தில்லியில் கோடை தொடங்கும் முன் வேம்பு இலையுதிர்ப்பது நோயன்று, இயல்பு.

பெரும்பாலான காரணங்கள் நட்ட நாளிலேயே மண்ணுக்குள் புதைக்கப்பட்டுவிடுகின்றன. பாலித்தீன் பையைக் கிழிக்காமல் நட்டிருக்கலாம். பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிடாமல் நட்டிருக்கலாம். தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குள் ஆழப் புதைந்திருக்கலாம். இறுகிய களிமண்ணில் தோண்டிய குழி, மழைநீர் வடியாத கிண்ணமாக மாறியிருக்கலாம். வளாகத்தின் புதுக் கட்டடங்களுக்கு அருகே, குழியில் பாதி செங்கல் சல்லியும் சிமென்ட் கழிவுமாக இருக்கலாம். இவற்றில் எதற்கும் உரம் தீர்வாகாது. வேர் பிடிக்காத கன்றுக்கு மிகுந்த உரம் கேடே செய்யும்.

சில கன்றுகள் சாவது இயற்கை, அதற்குத்தான் மறுநடவு இருக்கிறது என்பார்கள். இழப்பு தவிர்க்க முடியாததுதான். ஆயினும் காரணம் தேடாமல் அதே குழியில் அடுத்த கன்றை வைப்பது, பிழையைத் திருத்தாமல் படியெடுப்பதற்கு ஒப்பாகும்.

காரணத்தை அறிந்தவர் வளாகத்தில் இல்லாமல் இல்லை. வட இந்தியாவில் மாலி என்று அழைக்கப்படும் தோட்டத் தொழிலாளருக்கு எந்தக் குழியில் நீர் தேங்கும், எந்த மூலையில் கரையான் ஏறும், எந்தக் கூண்டின் கம்பி தண்டை அறுக்கிறது என்பதெல்லாம் தெரியும். அவருடைய அறிவு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. செப்டம்பரில் மழை விலகியதும் கன்றின் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வீசும் லூ என்னும் அனல்காற்றில் அது உச்சமடைகிறது. அப்போது மாணவர்கள் விடுமுறையில் இருப்பார்கள். மாலி ஒப்பந்தத் தொழிலாளராயின், அவருடைய ஒப்பந்தம் கன்று வேரூன்றும் முன்பே முடிந்துபோகலாம். பராமரிப்பு அறுபடும் இடம் இதுதான்.

ஆகவே நிறுவனங்கள் செய்ய வேண்டியது எளிது. நடும் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, மீதத் தொகையை முதல் மூன்று கோடைகளின் நீருக்கும் மூடாக்குக்கும் கூலிக்கும் ஒதுக்கலாம். பட்ட கன்றைப் பிடுங்கும்போது வேரைப் பார்த்து, மாலியிடம் கேட்டு, காரணத்தை ஒரு பதிவேட்டில் எழுதலாம். தாவரவியல் மாணவர்களுக்கு அது நல்ல களப்பணியாகவும் அமையும். நட்ட விருந்தினரின் பெயர்ப்பலகையில் இன்னொரு வரிக்கும் இடமுண்டு: அந்தக் கன்றுக்கு அன்றாடம் நீர் ஊற்றுபவரின் பெயர். கன்று வாடும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்பதாவது அப்போது எல்லோருக்கும் தெரியும்.