திறந்த வண்டிக்கு ஏது பூட்டு?

சென்ற மாதம் எமது பழைய மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பௌதிகவியல் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவர்; விடை சொல்வதிலும் பார்க்க வினாக் கேட்பதிலேயே பெருவிருப்பம் உடையவர். இப்பொழுது மனைவியுடனும் சிறு மகளுடனும் இங்கிலாந்தில் வாழ்கிறார். அவருடைய வினாக் கேட்கும் குணம் இன்னும் மாறவில்லை. "சேர், கூரையும் துணி, கதவுக்கும் பூட்டில்லை. இப்படிப்பட்ட வண்டியைக் கள்ளனிடமிருந்து காப்பது எவ்விதம்?" என்பதே மடலின் சாரம்.

அவர் வாங்கியிருப்பது 1957ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற எம்.ஜி.ஏ. என்னும் இருவர் ஆசன விளையாட்டுக் கார். அபிங்டன் என்னும் சிற்றூரில் இருந்த தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை இவ்வகை வண்டிகள் ஓரிலட்சத்துக்குச் சற்று மேலாகச் செய்யப்பட்டன. வண்டியின் அழகைப் பற்றி அவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதை நாம் விட்டுவிடுவோம். அதன் அமைப்பே நமக்கு வேண்டியது.

இவ்வண்டியின் கதவிலே வெளிப்புறத்தில் கைபிடி இல்லை. பக்கத்திரையின் ஊடாகக் கையை உள்ளே விட்டு, கதவின் உட்புறத்திலுள்ள கயிற்றை இழுத்தால் கதவு திறந்துகொள்ளும். பின்பெட்டியைத் திறக்கும் பிடியும் ஆசனத்துக்குப் பின்னால், வண்டிக்குள்ளேயே இருக்கிறது. முன்மூடியைத் திறக்கும் பிடியும் உள்ளேதான். ஆகவே கையை உள்ளே விட்டவன் வண்டி முழுவதற்கும் உரிமைக்காரன் ஆகிவிடுகிறான். எஞ்சுவது மின்சாரத்தைத் திறக்கும் சிறு திறப்பு ஒன்றே. அதுவும் சுக்கானைப் பூட்டுவதில்லை. ஒரு மின்கம்பியை இணைக்கவும் துண்டிக்கவும் மாத்திரமே பயன்படுவது. எஞ்சினைச் சுழற்றுவதற்குத் திறப்பு வேண்டியதில்லை. அதற்கெனத் தனியாக உள்ள இழுபிடியை இழுத்தால் போதும்.

மாணவருக்கு நேர்ந்தது இது. ஓரிரவு வண்டியை வீட்டுக்கு வெளியே தெருவில் நிறுத்தினார். காலையில் பார்த்தால் துணிக்கூரை கத்தியால் ஒரு முழ நீளம் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பழைய குடையொன்றைக் காணவில்லை. கதவுக்குப் பூட்டில்லை என்பதை அறியாத கள்ளன், ஒரு குடைக்காகக் கூரையையே கிழித்துவிட்டான்! இதை எண்ணி அவர் சிரித்துக்கொண்டாராம். ஆனால் நான்கு நாட்களின் பின், மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு உலாவச் சென்றபோது, முன்சில்லிலிருந்து "கிளிக், கிளிக்" என்று ஓர் ஓசை எழுந்தது. உடனே ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். சில்லின் நடுவிலே இரண்டு காதுகளோடு இருக்கும் பெரிய சுரை தளர்ந்திருந்தது. கம்பிச்சில்லைக் கழற்ற முயன்ற எவனோ, பாதியில் விட்டு ஓடியிருக்கிறான். அன்றைக்கு அவருடைய சிரிப்பு நின்றது. அன்றிரவே எமக்கு மடல் எழுதினார்.

அன்பர்களே, இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. களவு போவது பொருள் நட்டம். ஆனால் களவு முற்றுப்பெறாமல் விடப்பட்ட வண்டியோ உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். ஆதலால் காவல் என்பது வண்டி போகாமல் தடுப்பது மாத்திரம் அன்று. நின்ற வண்டி நின்றபடியே இருக்கிறதா என்று ஆராய்வதும் ஆகும்.

பழைய வண்டிக்கு ஆபத்து ஏன் மிகுந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மேற்கு ஜேர்மனியிலே 1961 முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் சுக்கானைப் பூட்டும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் 1963இல் பழைய கார்களுக்கும் அவ்விதி விரிக்கப்பட்டது. அங்கே கார்க் களவு பெருமளவு குறைந்தது, குறைந்தபடியே நின்றது. பிரித்தானியாவிலோ 1971 முதல் புதிய கார்களுக்கு மாத்திரமே அக்கருவி பொருத்தப்பட்டது. விளைவு யாது? லண்டன் மாநகரப் பொலிசாரின் எல்லைக்குள் 1969இல் களவு போன கார்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புதிய கார். 1973இல் அது ஏறக்குறைய இருபதில் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் கள்ளர் தொழிலை விட்டுவிடவில்லை. புதியதை விட்டுப் பூட்டில்லாத பழையதை நாடிச் சென்றனர். அயலவர் எல்லோரும் மதில் கட்டிவிட்டால், வேலியும் இல்லாத வளவுக்கே மாடு வந்து சேரும் அல்லவா?

1998ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் யாவும், உரிய திறப்பு இன்றி எஞ்சின் இயங்காதபடி செய்யும் மின்னணுக் கருவியோடு வரவேண்டும் என்று விதியாயிற்று. எம்.ஜி.ஏ.யில் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே அதற்குரிய காவலை உடையவரே அமைத்துக்கொள்ளல் வேண்டும். மாணவருக்கு யாம் எழுதிய விடையை வாசகர்களுக்கும் இங்கே தருகின்றோம்.

முதலாவது, இடம். பூட்டிய கொட்டகைக்கு இணையான காவல் வேறில்லை. தெருவில் நிறுத்தியே ஆகவேண்டுமெனின், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தைத் தெரிதல் வேண்டும்.

இரண்டாவது, உள்ளே ஒன்றும் வையாமை. துணிக்கூரை வண்டியில் ஒரு வெற்றுப் பை கிடந்தாலும் கத்திக்கு வேலை வந்துவிடும். பெறுமதியான பொருள் ஒன்றுமில்லையெனின், பக்கத்திரையைக் கழற்றித் திறந்தே விடுவது நன்று என்பர் அனுபவசாலிகள். கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுக் கள்ளன் போய்விடுவான், கூரை பிழைக்கும். ஒரு குடையின் விலையையும் ஒரு கூரையின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

மூன்றாவது, எஞ்சின் இயங்காமற் செய்தல். இதற்கு மிகப் பழைய வழியே இன்றும் மிக மலிவான வழி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறையே மின்பொறியைப் பங்கிட்டனுப்பும் டிஸ்ரிபியூட்டர் என்னும் உறுப்பின் மூடி, இரண்டு வில்லுக் கவ்விகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அதனுள்ளே கட்டைவிரல் அளவான கரிய துண்டொன்று, தலையிற் பித்தளைத் தகட்டோடு சுழலும். றோட்டர் என்பது அதன் பெயர். அதைக் கழற்றிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டால், எவ்வளவு கெட்டிக்காரக் கள்ளனாலும் எஞ்சினை உயிர்ப்பிக்க முடியாது. அவனும் ஒரு றோட்டரைக் கொண்டுவந்தாலன்றி. 1940இல் ஜேர்மன் படை வந்திறங்கக்கூடும் என்ற அச்சம் நிலவியபோது, நிறுத்தும் வண்டியை இயங்காதபடி செய்துவிட்டே செல்லல் வேண்டும் எனப் பிரித்தானிய அரசு கட்டளையிட்டது. அன்று பலரும் கைக்கொண்ட வழி இதுவே.

இவ்விடத்தில் எமது வீட்டுக் கதையொன்றைச் சொல்லவேண்டும். எமது பெரியப்பாவிடம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ-50 கார் ஒன்று இருந்தது. மாணவரின் எம்.ஜி.ஏ.க்கும் அந்தக் குடும்பக் காருக்கும் எஞ்சின் ஒரே வழி வந்தது. இரண்டும் 1489 கன சென்ரிமீற்றர். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் முற்பகுதியில் பெற்றோல் கிடையாத காலம் அது. சிறிது பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் பொன்னுக்குச் சமம். பெரியப்பா ஒவ்வொரு மாலையும் றோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் இட்டுக்கொள்வார்.

ஒருநாள் நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டது. "அண்ணை, காரை எடுங்கோ" என்று அவளுடைய கணவர் படலையில் நின்று கதறினார். பெரியப்பா சட்டைப் பையைத் தடவினார், றோட்டர் இல்லை. மாலையில் மாற்றிய சட்டை எங்கே என்று பார்த்தால், அது அழுக்கு மூட்டையோடு கட்டப்பட்டுச் சலவைக்குப் போய்விட்டது! போத்தல் விளக்கை ஏந்திக்கொண்டு யாமும் பெரியப்பாவின் பின்னால் இரண்டு ஒழுங்கை கடந்து ஓடினோம். மூட்டையை அவிழ்த்து, சட்டையைத் தேடி, றோட்டரை எடுத்து வந்து பூட்டி முடிக்க முக்கால் மணி நேரம் சென்றது. தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் கிருபை. அன்றிரவு பெரியப்பா ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள் பெரியம்மா அமைதியாக ஒரு தீர்ப்புச் சொன்னார். "கள்ளனுக்கு மறைக்கிறது சரி. வீட்டுக்காரருக்கும் மறைச்சா அது காவலோ?" அன்று முதல் றோட்டர் இருக்கும் இடம் பெரியம்மாவின் கொட்டப்பெட்டி. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. மாணவருக்கு யாம் வற்புறுத்தி எழுதியதும் அதுவே: கழற்றிய பொருளுக்கு ஒரே இடம் இருக்கட்டும், அந்த இடம் மனைவிக்கும் தெரிந்திருக்கட்டும், அதைத் திரும்பப் பூட்டவும் அவர் பழகிக்கொள்ளட்டும்.

நான்காவது, மறைவான ஆளிகள். எம்.ஜி.ஏ.யில் இரண்டு ஆறு வோல்ற்று பற்றரிகள் ஆசனங்களின் பின்னால் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆளியொன்றை மறைவாகப் பொருத்தலாம். பழைய கம்பிகளால் தீப்பற்றாமலும் அது காக்கும். பெற்றோலை அனுப்பும் மின்பம்பிக்குத் தனி ஆளி வைப்பாரும் உளர். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. காபுரேற்றர்க் கிண்ணங்களில் எஞ்சிய பெற்றோல் தீரும்வரை வண்டி சிறிது தூரம் ஓடி, பின்பே நிற்கும். அது நாற்சந்தியின் நடுவிலும் நிற்கக்கூடும்.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியும் தடை. சுக்கான் வளையத்தில் பூட்டும் இரும்புத் தண்டும், கம்பிச்சில்லின் ஊடாகக் கோத்துக் கட்டும் சங்கிலியும் இவ்வகையின. பழைய சுக்கான் வளையம் மெல்லியது, வாளால் அறுத்துவிடலாம். ஆயினும் அறுக்க நேரம் வேண்டும், ஓசையும் எழும். கள்ளன் அஞ்சுவது பூட்டை அன்று, நேரத்தையும் ஓசையையுமே.

ஆறாவது, வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் நவீன கருவி. இதில் ஓர் எச்சரிக்கை. இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலக் கருவிகளோ எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. ஆராயாமல் இணைத்தால் கருவி கருகிவிடும். மேலும், பற்றரியைத் துண்டித்துவிட்டால் அதனோடு இணைந்த கருவியும் உறங்கிவிடும். ஆகவே தனக்கெனச் சிறு மின்கலம் உடைய கருவியே இதற்கு ஏற்றது.

இனி, நின்ற வண்டியை ஆராயும் முறை. புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வருக. நான்கு சில்லுகளின் சுரைகளையும் செப்புச் சுத்தியலால் இறுகும் திசையில் தட்டிப் பார்க்க. வண்டியின் கீழே தரையில் எண்ணெயோ திரவமோ சிந்தியிருக்கிறதா என நோக்குக. ஓடத் தொடங்குமுன் பிரேக்கை அழுத்துக. பாதம் தாழ்ந்து போனால் வண்டியை அசைக்கற்க. பெற்றோல் மூடி இறுக்கமாய் உள்ளதா எனவும் பார்க்க. பெற்றோலில் சீனியைப் போட்டால் எஞ்சின் பாழாகிவிடும் என்று மாணவர் பலரும் கேட்பதுண்டு. சீனி பெற்றோலிற் கரையாது. அடியிலே தங்கி வடிகட்டியை அடைக்கலாம், அவ்வளவே. நீர் கலப்பதே கூடிய தொல்லை. எனினும் பூட்டுள்ள மூடியொன்று இருந்தால் இரண்டுக்கும் இடமில்லை.

இறுதியாக, வண்டியின் அடையாளம். களவு போன வண்டி வேறோர் எண்ணைப் பூண்டு உலாவுவதும், உறுப்புகளாகப் பிரிந்து விலைபோவதும் உண்டு. அடிச்சட்டக எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறித்து, அவற்றைப் படம் பிடித்து, பத்திரத்தோடு வீட்டில் வைத்தல் வேண்டும், வண்டிக்குள் அன்று. கேய்டன் என்னுமிடத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலை, அபிங்டன் தொழிற்சாலையின் பதிவேடுகளைப் பேணி, ஒவ்வொரு வண்டியும் பிறந்த விவரத்துக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதையும் பெற்றுவைத்தல் நலம்.

காவற்காரனிலும் கள்ளன் கெட்டிக்காரன் என்பார்கள். அது உண்மையே. முற்றாகத் தடுக்கும் பூட்டு உலகில் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு தடைகளை வைத்து அவனுடைய நேரத்தைக் கூட்டுவதே நம்மால் இயல்வது. அத்தடைகள் வீட்டாரின் வழியை மறியாதிருப்பதும் அதே அளவு அவசியம்.

சென்ற கிழமை மாணவரின் பதில் வந்தது. கூரை தைத்தாயிற்றாம், வண்டிக்கு அயலில் ஒரு கொட்டகையும் வாடகைக்கு எடுத்தாயிற்றாம். றோட்டர் சமையலறையில், மனைவி காட்டிய தகரப் பேணியில் இருக்கிறது. சுரை தட்டும் வேலை தகப்பனுடையது. ஆனால் நான்கும் தட்டியாயிற்றா என்று விரல் விட்டு எண்ணுவது மகளாம். எண்ணி முடியுமுன் வண்டியில் ஏற அவள் சம்மதிப்பதில்லையாம். தகப்பனிலும் பார்க்க நல்ல மாணவி என்று எழுதினோம்.