காய்ச்சல் விட்டால் பயம் விட்டதா?



தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்ட வந்த கங்காணி சொன்னானாம். இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை தோட்டத்தில் இல்லை. நம் பாட்டன் பூட்டன் தூரைக் கிண்டினார்கள். கிடைத்தது கல்லும் அட்டைக்கடியும்தான். இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிக்க முடியாத கதைகளும் லயத்தில் உலவுகின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

1977 வன்செயலுக்குப் பின் மலையை விட்டு இறங்கிய நம் குடும்பங்கள் பல, வடக்கிலும் கிழக்கிலும் குடியேறின. திருகோணமலை மாவட்டத்திலும் நமக்குச் சொந்தபந்தம் உண்டு. அந்தத் துறைமுகத்துக்குத் தெற்கே, பாலம் கடந்தால் கிண்ணியா. 2017 மார்ச்சில் அந்த ஊரை டெங்கு பிடித்து ஆட்டியது. ஆஸ்பத்திரி கொள்ளாத அளவுக்கு நோயாளர் குவிந்தார்கள். பாடசாலைகளை மூடினார்கள். உயிர்கள் போயின. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அது கடற்கரை ஊர், நம் குளிருக்கு நுளம்பு வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். அதுவும் ஒரு கதைதான். மலையகத்திலும் டெங்கு இருக்கிறது.

டெங்குவைச் சுற்றி நாம் கேட்கும் கதைகளைப் பாருங்கள். "சாக்கடை இல்லாத இடத்தில் டெங்கு இல்லை." பொய். டெங்கு நுளம்பு தேடுவது தெளிந்த தண்ணீரை. பைப்பில் எப்போதாவது வரும் தண்ணீரை நாம் பிடித்து வைக்கும் பீப்பாயும், வாசலில் கிடக்கும் சிரட்டையும், பழைய டயரும் அதற்குப் போதும். "உடம்பில் சிவப்பு போட்டிருக்கிறது, அம்மாள் வந்திருக்கிறாள், மருந்து கொடுக்காதே." அம்மாளைக் கும்பிடுங்கள், வேப்பிலையும் கட்டுங்கள். ஆனால் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள். "பப்பாசி இலைச் சாறு போதும்." அது உயிரைக் காக்கும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது, "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்பது. டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கும் வேளையில், சிலருக்கு இரத்த நாளத்திலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, விடாத வாந்தி, குளிர்ந்த கைகால், முரசில் இரத்தம், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேரே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பெரசிட்டமோல் மட்டும், அதுவும் சொன்ன அளவுக்கு. அஸ்பிரின், புரூபன் வேண்டவே வேண்டாம்.

உடனே சிலர், "தோட்டத்து ஆட்களின் மூடநம்பிக்கை" என்று உதட்டைச் சுழிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று ஒரு காலத்தில் படித்த வெள்ளைக்கார டாக்டர்களே நம்பினார்கள். 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் அதுதான் பொருள். நுளம்புதான் காரணி என்பதற்கு 1897இல்தான் ரொனால்ட் ரொஸ் ஆதாரம் கண்டார். திருகோணமலையும் மலேரியாவால் வாடிய மாவட்டம்தான். அங்கே அது ஒழிந்தது யாரையும் ஏளனம் செய்ததால் அல்ல. ஊர் ஊராக இரத்தம் சோதித்தார்கள், வீடு வீடாக மருந்து அடித்தார்கள், இலவசமாகக் குளிசை கொடுத்தார்கள். 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆக, கதை சாவது வசதி வரும் இடத்தில். டாக்டர் இல்லாத இடத்தில் அது வளரும். எம்.பி.பி.எஸ். டாக்டர் இல்லாத தோட்டங்கள் இன்னும் உண்டு. இரத்தப் பரிசோதனைக்கு டவுனுக்குப் போக வேண்டும். போனால் அன்றைய பேர் போச்சு, பஸ் காசும் போச்சு. அந்த நிலையில் ஒரு தாய் "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று தன்னையே தேற்றிக்கொண்டு மலைக்குப் போனால், அது அறியாமை மட்டுமா? அவளை அப்படி நம்ப வைப்பது நாள் சம்பளம். பாட்டிமார் கைவைத்தியத்தைப் பிடித்துக்கொண்டதும், வேறு வைத்தியம் எட்டும் தூரத்தில் இல்லாததால்தான்.

ஆகவே நாம் கேட்பது இவை: தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்று டாக்டரைப் போட வேண்டும். காய்ச்சல்காரரின் இரத்தத்தைத் தோட்டத்திலேயே எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நோயுற்ற பிள்ளையோடு ஆஸ்பத்திரி போகும் தாய்க்கு அன்றைய பேர் போட வேண்டும். லயத்துக்குத் தினமும் குழாய்த்தண்ணீர் வர வேண்டும். வந்தால் பீப்பாய்க்கு வேலையே இல்லை.

அதுவரை நம் பங்குக்கு வாரம் ஒருமுறை பீப்பாயைக் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வைப்போம். தண்ணீர் வற்றினாலும் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என்று கேட்டால், நல்லது என்று திரும்பி வராமல், எத்தனையாவது நாள் என்று கேட்போம்.

தேங்காய் மாசிக் கதையில் ஒரு பரம்பரை ஏமாந்தது. இந்தக் கதைக்கு ஒரு பிள்ளையைக்கூடக் கொடுக்க மாட்டோம்.