ஒட்டுகிற டேப்பும் மரை போடுகிற டேப்பும்

எல்.இ.டி. விளக்கை வீட்டிலேயே செய்து பார்க்கும் மாணவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் செய்து முடித்ததைத் திருப்பிப் பார்த்தால் வயிறு எரியும். அலுமினியத் தகட்டின் மேல் எல்.இ.டி. பலகை டபுள் சைடு டேப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். "மரை போடுவதெல்லாம் லேத் பட்டறை வேலை" என்று ஒரு சமாதானம் வேறு.

இந்தச் சமாதானம் யார் தலையில் விடிகிறது? ஆரணிப் பக்கம் சந்தவாசலில் ஒரு பட்டுத் தறியை எடுத்துக்கொள்வோம். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் பாவில் ஓர் இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்துப் பிணைத்தாக வேண்டும். வெளிச்சம் மங்கினால் குறை சேலையில் தெரியும். சேலையில் தெரிந்தால் கூலியில் தெரியும். கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரத்தை அரசு 2023இல் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தியது. மின்சாரம் கிடைத்து என்ன பயன், தறிக்கு மேலே தொங்குவது ஆறே மாதத்தில் கண் மூடும் விளக்கு என்றால்?

எல்.இ.டி. தின்னும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி வெப்பமாகிறது. குண்டு பல்பில் வெப்பம் ஒளியோடு சேர்ந்து முன்பக்கம் வீசிவிடும். எல்.இ.டி.யிலோ அது முதுகு வழியாகத்தான் இறங்க வேண்டும். வெப்பம் கடத்துவதில் அலுமினியம் இரும்பைவிடப் பல படி மேல். சாதாரண ஒட்டு டேப்போ அலுமினியத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு மட்டம். சூட்டில் பசை இளகும், பலகை லேசாகத் தூக்கும், இடையில் காற்று புகும். காற்று இன்னும் மோசம். விளக்கு உள்ளுக்குள்ளேயே வெந்து மங்கும். பழி மட்டும் "சீன எல்.இ.டி. சார்" என்று சீனாக்காரன் மேல்!

மரை போட்டு ஸ்குரூவால் இறுக்கினால் பலகை தகட்டோடு அழுந்தி நிற்கும். நுண்ணிய இடைவெளிகளை மெல்லிய தெர்மல் பேஸ்ட் நிரப்பும். எல்.இ.டி. போனால் ஸ்குரூவைக் கழற்றி வேறு பலகை மாட்டலாம். தகடு அப்படியே இருக்கும்.

இது ஒன்றும் ரகசிய வித்தை அல்ல. 3 மி.மீ. ஸ்குரூவுக்கு (எம்3) 2.5 மி.மீ. துளை, எம்4க்கு 3.3. எம்3க்கு 3 மி.மீ. துளை போட்டால் மரை வெட்ட உலோகமே மிஞ்சாது. 2 மி.மீ. போட்டால் டேப் ஒடியும். ஒடிந்த டேப்பைச் சாதாரண டிரில் பிட்டால் எடுக்க முடியாது, அவ்வளவு கடினம் அது. சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி, செங்குத்தாகத் துளைத்து, இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட வேண்டும். அலுமினியம் மெத்தென்ற உலோகம், டேப்பின் பல்லில் அப்பிக்கொள்ளும். அதனால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சீவல் ஒடிந்து விழும். தகடு 3 மி.மீ. கனமாவது இருந்தால் எம்3க்கு ஆறு மரை கிடைக்கும். 1 மி.மீ. தகட்டில் இரண்டே மரைதான். அங்கே நட்டும் போல்ட்டும் போடுவதே யோக்கியம். உலோக உடல் என்பதால் எர்த் கம்பியும் கட்டாயம். அதற்கும் மரை போட்ட ஒரு துளை வேண்டும்.

"செல்ஃப் டேப்பிங் ஸ்குரூ போதாதா?" என்பார்கள். ஒரு தடவைக்குப் போதும். நாலு தடவை கழற்றி மாட்டினால் ஓட்டை தளர்ந்துவிடும். பழுது பார்க்க முடியாத பொருள் வாங்குகிறவனைத் திரும்பத் திரும்பக் கடைக்கு அனுப்பும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் பையன் முதல் வருடமே இதைக் கற்றுவிடுகிறான். நாலு வருடம் பொறியியல் படித்தவருக்கு இது கௌரவக் குறைச்சலாம்! தறிக்காரர் ஓர் அறுந்த இழையைக்கூடப் பசை தடவி ஒட்டிவிட்டுப் போவதில்லை, பிணைக்கிறார். அவர் தலைக்கு மேல் விளக்கு மாட்டுகிறவர் ஒட்டிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

ஹார்டுவேர் கடையில் வெறுமனே டேப் என்று கேட்டால் ஒட்டுகிற டேப்பைத்தான் எடுத்து நீட்டுவார்கள். "மரை போடுற டேப்" என்று சொல்லிக் கேட்க வேண்டும் :-)